அவளுக்கு முதல் நாளே தெரியும்

என் மனைவிக்கு ஒரு மண்டபமே கைதட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. இதை மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. பெருமையாக இருந்தது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதலாம், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு எரிந்தது. பதுளையில் முப்பது வருடமாக உயர்தர வகுப்புக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவன் நான். இன்றுவரை ஒரு பிள்ளை எனக்காகக் கைதட்டியதில்லை. மணி அடித்ததும் கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம்தான் எனக்குக் கிடைத்த கைதட்டல்.

நடந்தது எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில். கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரறியச் சொல்வது. அந்த ஓலை வாசிக்கப்பட வேண்டுமென்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு சனிக்கிழமை வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். வகுப்பை நடத்துவது ஒரு தம்பதியாக இருக்க வேண்டும் என்பது புதிதாக மாற்றலாகி வந்த சாமியாரின் ஏற்பாடு. தம்பதி என்று எங்களைப் பிடித்தார். பிடித்தது என்னைத்தான், எனக்கு ஒரு மனைவி இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நமுனுகுல மலைப்பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவள். நானும் லயத்தில் பிறந்தவன்தான், ஆனால் படித்து இறங்கி வந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளையும் டவுனுக்கு இறக்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் வளர்ந்து கைக்கு ஓய்வு கிடைத்ததும் அவள் பழைய தோட்டத்திலேயே பிள்ளைக் காம்பராவில் வேலை கேட்டுச் சேர்ந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. காலையில் பஸ் ஏறிப் போய் பின்னேரம் இறங்கி வருவாள். இப்போது எங்கள் பிள்ளைகள் இரண்டும் கொழும்பில். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

சாமியார் என்னிடம் இங்கிலீசில் நாலு பக்கம் போட்டோ கொப்பி கொடுத்தார். ஐரோப்பாவில் மத்திய காலத்தில் மடத்துச் சந்நியாசிகள் புதிதாய் மணம் முடித்தவர்களுக்குச் சொன்ன கதையாம். "சேர், நீங்கதான் இத நல்ல தமிழ்ல சொல்லி, கருத்து வெளக்கணும்" என்றார். ஒரு கிழமை உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். கதை இதுதான்.

ஒரு குதிரைவீரன். வருடத்தில் பாதிக்கு மேல் அவன் சண்டைக்குப் போயிருப்பான். வீட்டில் அழகான மனைவி. கூட இருந்தவர்கள் அவனிடம் ஏதேதோ சொல்லி வைக்க, சந்தேகம் பிடித்துக்கொண்டது. தூர தேசத்துச் சண்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், தாடி வளர்த்து, கண்ணைத் துணியால் கட்டி, குருட்டுப் பிச்சைக்காரனாகத் திரும்பி வந்து தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தான். கட்டின் இடுக்கு வழியாக வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்தான். மனைவி தினமும் நடுப்பகலில் வந்து, குருடன் தடவித் தேட வேண்டாமென்று, ரொட்டியை அவன் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒரு வருடம் போயிற்று. அவளிடம் ஒரு குற்றமும் இல்லை. அவன் கட்டை அவிழ்த்து, நான்தான் உன் புருஷன் என்றான். அவள் ஆனந்தக் கண்ணீர் விட்டு அவன் காலில் விழுந்தாள். அவன் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் இடுப்பில் செருகினான். பொறுமையுள்ள மனைவிக்கு வீடே சொந்தமாகும் என்று சந்நியாசி கதையை முடிக்கிறார்.

முதல் சனிக்கிழமை எட்டு ஜோடி வந்திருந்தது. பெண்களில் பாதிப்பேர் கொழுந்தெடுப்பவர்கள். ஆண்களில் ஒருவன் எல்லவில் ஹோட்டலில் சமையல்காரன், ஒருவன் அப்புத்தளையில் கடை வைத்திருப்பவன். நான் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பிறகு கருத்து. சந்நியாசியின் காலத்தில் மனைவியின் பொறுமைதான் அறம், நம் காலத்தில் அது போதாது, கணவன் சந்தேகப்பட்டதும் பிழை, ஆகவே நம்பிக்கை, பொறுமை, மன்னிப்பு என்று மூன்று படியாகக் கட்டி நிறுத்தினேன். சந்நியாசியை விட நான் ஒரு படி மேலே நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு உள்ளூர இருந்தது.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சேர், ஒரு வருசமா சொந்தப் புருசன அந்தம்மாவுக்கு அடையாளம் தெரியலயா?"

நல்ல கேள்வி என்றேன். பதில் தெரியாதபோது வாத்திமார் சொல்வது அது. பழங்கதைகளில் மாறுவேடம் என்றால் யாருக்கும் தெரியாது, அது கதையின் மரபு, அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று விளக்கினேன். பெண் தலையை ஆட்டினாள். அவளுக்குத் திருப்தியில்லை என்று தெரிந்தது.

மண்டபத்தின் பின்பக்கம் என் மனைவி பணிஸ் தட்டை வைத்துவிட்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பதி வகுப்பில் அவளுடைய பங்கு அதுவாகத்தான் இருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "தெரிஞ்சிருக்கும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொத நாளே தெரிஞ்சிருக்கும்" என்றாள். "ரொட்டிய எங்க வக்கிறா? கையில. அவன் தாடி வளக்கலாம், கண்ணக் கட்டலாம். கைய என்ன பண்ணுவான்? புருசன் கை பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கொழுந்தெடுக்கிறவர்கள் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். விரல் ஓரமெல்லாம் தேயிலைக் கறை ஏறிய கைகள். எல்லச் சமையல்காரன் விடவில்லை. "தெரிஞ்சா ஏன் அக்கா சொல்லாம இருந்தா?"

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். "சொன்னா எந்திரிச்சுப் போயிருவானே தம்பி. வருசம் பூரா சண்ட சண்டன்னு குதிர மேலயே இருந்தவன். இப்பத்தான் வீட்டு வாசல்ல ஒரு எடத்துல ஒக்காந்திருக்கான். ஒக்காரட்டுமேன்னு விட்டிருப்பா. தெனம் ஒரு தடவ கையத் தொடலாமில்ல?"

 அந்தக் கொழுந்தெடுக்கும் பெண்தான் முதலில் தட்டினாள். எட்டு ஜோடியும் தட்டியது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாமியார் உள்ளே வந்து, "அடுத்த கெழம அக்கா முன்னுக்கு ஒக்காரணும், தேத்தண்ணி நான் ஊத்துறேன்" என்றார். என் மூன்று படியை யாரும் அதற்குப் பிறகு ஏறிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அவளுக்கு இரண்டடி முன்னால் போனேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அவள் அதைக் கவனிக்காதவள் போல, கோவாவும் கரட்டும் வாங்க வேண்டும் என்று சந்தைப் பக்கம் திரும்பினாள்.

கைதட்டலைக்கூட மன்னித்திருப்பேன். மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது ஆளாளுக்கு அவளிடம் போய்ப் பேசினார்கள். என் வகுப்பில் படித்த ஒருத்தி, இப்போது அவளே டீச்சர், என்னைத் தாண்டிப் போய் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேள்விப்பட்டேன், அந்தக் கதைய எனக்கும் ஒருக்கா சொல்லுங்களேன்" என்றாள். கதையை மொழிபெயர்த்தவன் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அந்த டீச்சர் என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. இதை இவள் சொந்தமாக யோசித்திருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பு. கதைப் புத்தகமென்று ஒன்றைத் தொட்டதில்லை. எழுதாததை எழுதியதிலிருந்து எடுப்பதென்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு வருடம் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் வராத வித்தை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் மொழிபெயர்த்த கிழமை முழுக்கக் கதையை அவளிடம் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தேன். அவள் அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொன்னாள்?

வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "நீ நேத்துச் சொன்னது நல்ல கருத்து. யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்?"

"இல்ல, யாரோடயாவது பேசியிருப்பியே."

"உபதேசியார்கிட்டதான் பஸ்ஸுல சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாரு."

அவள் துருவலைத் தட்டிவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள். எனக்கோ உள்ளே ஒரு நெருப்புக்குச்சி உரசியதுபோல் இருந்தது.

உபதேசியார் எங்கள் கோயிலின் ஆள்தான். சாமியார் போக முடியாத தோட்டத்துச் சிற்றாலயங்களுக்குப் போய் ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பவர். காலையிலும் பின்னேரமும் இவள் ஏறும் அதே பஸ். நாலு வருடத்துக்கு முன் மனைவியை இழந்தவர். மெதுவாகப் பேசுவார். வெள்ளைச் சட்டையைத் தானே மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு உடுத்துவார். அந்தச் சட்டையைப் பற்றி என் மனைவி ஒரு தடவை, "பொம்பள இல்லாத வீடுன்னு சொல்லவே முடியாது" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த வார்த்தை போதாதா? அன்று சும்மா கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அதை எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலப் பாதை. பக்கத்துப் பக்கத்து இருக்கை. என்னிடம் பேசாத விஷயமெல்லாம் அங்கே பேசுகிறாளா? என் கதையை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளிடம் கொடுத்து, அவர் கருத்தை வாங்கிக்கொண்டு வந்து என் வகுப்பில் வைத்து என்னையே மட்டம் தட்டுகிறாளா?

பொறாமை என்பது ஒன்றா இரண்டா என்று எனக்கு அந்தக் கிழமை தெரியவில்லை. அவள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள் என்று எரிந்தது. அதை அவள் சொல்லவில்லை, அவர் சொன்னார் என்று நினைத்தால் அதைவிட எரிந்தது. பாடசாலையில் பிள்ளைகளுடைய கட்டுரையைத் திருத்தும்போது, கொஞ்சம் நன்றாக எழுதியிருந்த ஒருத்தனிடம், "இதை எங்கிருந்து பார்த்து எழுதினாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் விழுந்துபோயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு பொறி வைத்தேன். அவளை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கதையின் முடிவைத் திரும்ப வாசிக்கும்போது ஆனந்தக் கண்ணீர் என்ற இடத்தில் நிறுத்தி அழுத்தினேன். முதல் நாளே தெரிந்திருந்தால் ஒரு வருடம் கழித்து ஆனந்தக் கண்ணீர் எதற்கு? நான் அவளைப் பார்த்தே கேட்டேன். உபதேசியார் இதற்குப் பதில் தயாரித்துக் கொடுத்திருக்க மாட்டார் என்பது என் கணக்கு.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அழுதிருப்பா" என்றாள். "ஆனா சந்தோசத்துல அழுதாளா இல்லையான்னு எழுதுன சந்நியாசிக்கு எப்புடித் தெரியும்? கட்ட அவுத்துட்டான்ல? சந்தேகம் தீந்துபோச்சு. இனி மறுபடியும் குதிரையில ஏறிருவான். அத நெனச்சு அழுதிருப்பா."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைகள் பதினாறு பேர், ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புத்தளைக் கடைக்காரன் பக்கத்தில் இருந்தவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சாமியார் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர், "அது சரிதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கமே இல்லை. கதை முடிந்துவிட்டது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து அவள் மாதா சுரூபத்தடியில் மெழுகுதிரி ஏற்றப் போன நேரமாகப் பார்த்து உபதேசியாரை மடக்கினேன். மனிதருக்குப் பயம் இருந்தால் கண்ணில் தெரியும் என்று பார்த்தேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். சட்டை வழக்கம்போல மொடமொடவென்று இருந்தது.

"உபதேசியார், நம்ம கல்யாண வகுப்புக் கதைக்கு நீங்க என்ன கருத்துச் சொல்லுவீங்க?" என்றேன். முப்பது வருடம் வாய்மொழிப் பரீட்சை எடுத்தவன். ஆள் படித்துவிட்டு வந்திருக்கிறானா பார்த்து எழுதியிருக்கிறானா என்பது இரண்டாவது வசனத்தில் தெரிந்துவிடும்.

"அதென்னங்க சேர், பொறுத்தார் பூமி ஆள்வார். பொறுமையா இருந்தா ஆண்டவர் கைவிட மாட்டாருங்கிறதுதானே?"

"வேற?"

"வேற என்னங்க?" அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். "கண்ணு தெரியாதவங்களுக்கு ஒதவி செய்யணும். அதுவும் இருக்குல்ல?"

என் உயர்தர வகுப்பில் அவருக்கு நான் நூற்றுக்கு இருபத்தைந்து போட்டிருப்பேன்.  சொல்லிக்கொடுத்தது இந்த மனிதர் இல்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் தொடர்ந்தார்.

"அக்கா சொன்னது எனக்கு முழுசா வெளங்கலங்க சேர். சிரிச்சு வச்சேன். இப்புடியெல்லாம் யோசன எங்கேருந்து வருது அக்கான்னு கேட்டேன். இதுல யோசிக்க என்ன இருக்கு, எங்க வீட்டுல நடந்ததுதானேன்னு சொன்னாங்க." அவர் என்னைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தார். "நீங்களும் ஒரு நாடகம் போட்டீங்களாமே?"

நான் நாடகம் எதுவும் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.  ஆனால் போட்டிருந்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அவள் பிள்ளைக் காம்பராவில் சேர்ந்த புதிது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்க இளம் கணக்கப்பிள்ளை ஒருத்தர் வந்திருந்தார். மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. பிள்ளைக் காம்பராவுக்குப் பால்மா வந்ததா, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அடிக்கடி வருவார் என்று இவளே வந்து சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லாமல் விட்டாள், அதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. அந்த மாதம் இரத்தம் பார்த்தபோது சீனி கொஞ்சம் கூட என்று டொக்டர் சொல்லியிருந்தார், நடக்கச் சொன்னார். பிறகென்ன, பாடசாலை விட்டதும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் வண்டிப் பாதையில் பிள்ளைக் காம்பரா தெரிகிற இடம்வரை நடப்பேன். பாதை வளைவில் ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்து, மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பார்ப்பேன். அவள் நாலரைக்கு வெளியே வரும்போது எழுந்து, அப்போதுதான் வந்தவன்போலக் கையை வீசி நடப்பேன். "டொக்டர் சொன்ன நடை" என்பேன். மலைக்காற்று சீனிக்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரை, பாடசாலை நாளெல்லாம்.

ஒரு குற்றமும் நான் காணவில்லை. கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், உண்மையிலேயே கூரையைத்தான் பார்த்தார். பிறகு அவர் அப்புத்தளைப் பக்கம் மாற்றலாகிப் போனார். நானும் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்று பதினோரு வருடம் நிம்மதியாக இருந்தேன். சொல்லப்போனால், என் மனைவியின் மேல் எனக்குப் பூரண நம்பிக்கை என்று மற்றவர்களிடம் பெருமையடித்ததும் அந்த வருடத்துக்குப் பிறகுதான். சோதித்துப் பார்த்த நம்பிக்கை.

அன்று கோயிலிலிருந்து வந்ததும் உடுப்பு மாற்றாமலே கேட்டேன். அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. "மொத நாளேதான்" என்றாள். "கொழுந்துக்கார பொம்பளைங்க மேல் மலையில நின்னா கீழ ரோட்டுல ஒரு கோழி போனாலும் தெரியும். சேர் கல்லு மேல ஒக்காந்திருக்காருன்னு பத்துப்பேரு வந்து சொன்னாளுங்க."

லயத்தில் பிறந்தவன் நான். என் தாய் அதே மாதிரி மலையில் நின்று கொழுந்தெடுத்தவள். மேலே நிற்கிறவளுக்குக் கீழே எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாதா? படித்து இறங்கியவனுக்குத்தான் அது மறந்துபோகும். ஒரு வருடம் பத்துப் பெண்கள் பார்க்கப் பார்க்க ஒளிந்திருந்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?" மீனைத் திருப்பி மறுபக்கம் உரசினாள். "அந்த வருசம் தெனம் பஸ்ஸுல ஒண்ணா வந்தோம். கடல வாங்கித் தருவீங்க. பள்ளிக்கூடத்துக் கத எல்லாம் சொல்லுவீங்க. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சு. ஆனா நாலரை எப்ப ஆகும்னும் இருந்துச்சு. என்ன செய்யிறது?"

"நான் ஒன்மேல சந்தேகப்படல. டொக்டர் நடக்கச் சொன்னாரு, சீனி..."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"கணக்கப்புள்ள மாத்தலாகிப் போன அடுத்த கெழமையே ஒங்க சீனி வியாதியும் போயிருச்சுங்க" என்றாள்.

நான் குசினி வாசலில் நின்றேன். அவள் மீனுக்கு உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டினாள். நான் நின்றது அவளுக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும், "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன்.

சந்தேகப்பட்டது பிழை, மன்னிப்புக் கேட்கலாம். வகுப்பில் மூன்றாவது படியாக நான் வைத்ததே அதுதான். ஆனால் அவள் என்னிடம் குறையாகச் சொன்னது சந்தேகப்பட்டதை அல்ல. சந்தேகம் தீர்ந்த பிறகு வராமல் போனதை. அதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது? பதினோரு வருடமாக அவள் தனியாகப் பஸ் ஏறி, தனியாக இறங்கி, வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி வைத்திருக்கிறாள். அந்த நேரம் நான் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். உபதேசியார் அவளுக்கு இடம்பிடித்து வைத்து, விளங்காத கதைக்கும் சிரித்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் மறுபடியும் பொறாமை வந்தது. முதலில் வந்த பொறாமை பொய். இது உண்மை. அவள் கருத்தை அவர் திருடிக் கொடுக்கவில்லை, அவள் கருத்தை அவர் கேட்டிருக்கிறார்.

அந்த ஞாயிறு முழுக்க நான் ஏதாவது பேசுவேன் என்று அவள் பார்த்திருப்பாள்.  எனக்குப் பேச்சாகச் சொல்ல வராது, செய்து காட்டுவதுதான் சரி என்று முடிவுகட்டினேன். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மலைக்குப் போகலாமா என்று நினைத்து, அது பழைய களவு மாதிரி இருக்கும் என்று விட்டேன். பதுளை பஸ் நிலையத்திலேயே, நமுனுகுல பஸ் வந்து நிற்கும் இடத்தில், எல்லோரும் பார்க்க வெளிச்சத்தில் நின்றேன். ஒரு சுருள் கடலை வாங்கினேன். மழை தூறியது, குடையை விரித்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்து, "என்ன சேர், யாரப் பாத்துட்டு இருக்கீங்க?" என்றான். "என் பொஞ்சாதிய" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

பஸ் வந்தது. கூட்டம் இறங்கியது. உபதேசியார் முதலில் இறங்கி, ஏறுபடியில் தண்ணி நிற்கிறது பார்த்து இறங்குங்கள் என்று பின்னால் வந்தவளுக்குச் சொன்னார். அவள் இறங்கினாள். அவள் மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி. துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவள், குடையும் கடலையுமாக நிற்கிற என்னைக் கண்டாள்.

அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். திரும்பி, சட்டைக் கையை உதறிக்கொண்டு போய்க்கொண்டிருந்த உபதேசியாரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ அவராங்க?" என்று கேட்டாள்.

இல்லை, யாரும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை.